மாடு பூட்டி வந்த லோரி

எங்கள் லோரி மாடு பூட்டித்தான் வீட்டுக்கு வந்தது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் டத்தோ கிராமாட் ரோட்டில் அந்தக் காலத்தில் குடியிருந்தவர்கள் யாராவது குறுக்கே வந்து, "தானா ஓடியா வந்துச்சு? நாலு மாடுல்ல இழுத்துக்கிட்டு வந்துச்சு!" என்று சொல்லி என் வாயை அடைத்துவிடுவார்கள். ஆமாம், இழுத்துக்கொண்டுதான் வந்தார்கள். அது வந்த விதம் பற்றி எனக்கு வெட்கமில்லை. போன விதத்தைத்தான் சொல்ல வேண்டும்.

ஜெர்மன் சண்டை முடிந்து ஓரிரு வருஷம் இருக்கும். பட்டாளத்துக்காரர்கள் தங்களுக்கு வேண்டாத சாமான்களையெல்லாம் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிட்டங்கியில் குவித்து ஏலம் விட்டார்கள். கூடாரத் துணி, குதிரைச் சேணம், மண்வெட்டி, ஓட்டை வாளி. அந்தக் குப்பைக்கு நடுவே ஒரு லோரி. என் வீட்டுக்காரர் சண்டைக் காலத்தில் பட்டாளத்து மோட்டார் கொட்டகையில் வண்டி கழுவும் வேலை பார்த்தவர். சிப்பாய்கள் எஞ்சினைப் பிரிக்கும்போது ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டவர். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைக் கொட்டி, அண்ணனையும் கேட்காமல் என்னையும் கேட்காமல், அந்த லோரியை எடுத்துவிட்டார்.

அது ஓடவில்லை. ஓடுகிற லோரியைப் பட்டாளம் ஏன் விற்கப் போகிறது? பாசி நிறத்தில் பெயின்ட். சக்கரம் நாலும் மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி மர ஆரக்கால் வைத்தது. சுற்றிலும் கெட்டி ரப்பர். காற்றடிக்கும் வேலை இல்லை. முன்னால் கண்ணாடி கிடையாது, பக்கத்தில் கதவு கிடையாது. முன்பக்கம் ஒரு ஹேண்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுழற்றினால்தான் எஞ்சின் கிளம்பும். கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

இழுத்துவர மாடு தந்தது மூத்தார். மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். துறைமுகத்திலிருந்து அரிசி மூட்டை ஏற்றிக் கடை கடையாக இறக்கும் மாட்டு வண்டிகள் அவருடையவை. ஒரே வளவில் அவர் வீடு ஒருபுறம், எங்கள் வீடு ஒருபுறம், நடுவில் மாட்டுக் கொட்டகை. லோரி எங்கள் தெருவில் நுழைந்தபோது கடைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்துச் சிரித்தார்கள். "புல்லு போடுவியா, எண்ணெய் ஊத்துவியா?" என்று ஒருவர் கேட்டார். என் வீட்டுக்காரர் லோரியின் மேல் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் முகம் எரிந்தது.

அன்றைக்கே மூத்தார் வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னார். அவர் வருமுன் இருமுவார். இருமல் கேட்டதும் நான் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். கணவனின் அண்ணன் முன்னால் நிற்கக் கூடாது, பேசக் கூடாது. அவரும் என்னிடம் பேச மாட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமானால் சுவரைப் பார்த்துச் சொல்வார், நான் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்யாணமாகி வந்த நாள் முதல் ஒரு இருமலுக்குக் கட்டுப்பட்டுக் குடும்பம் நடத்தினேன்.

"தம்பி, விஜயதசமி வரைக்கும் பாக்கறேன்" என்றார். "அன்னைக்கு இது தானா இந்த வாசலைத் தாண்டிப் போச்சுன்னா, உன் வழி உனக்கு. போகலேன்னா இதே மாட்டைப் பூட்டி இரும்புக் கடையில தள்ளிருவேன். அப்புறம் மோட்டாருங்கிற பேச்சே இந்த வளவுல கேக்கக் கூடாது. வண்டிக் கயிறப் புடிச்சிக்கிட்டுப் பேசாம இருக்கணும்."

"சரிண்ணே."

இவ்வளவுதான் என் வீட்டுக்காரர் சொன்னது. கதவுக்குப் பின்னால் நான் பல்லைக் கடித்தேன். மாட்டு வண்டியை நான் மட்டமாகப் பேசவில்லை. அந்த வண்டிச் சோறுதான் நானும் தின்றேன். ஆனால் மூட்டை இறக்கிவிட்டு வரும்போது அவர் முகம் எப்படியிருக்கும் என்பதும், அந்த லோரியின் மூடியைத் திறக்கும்போது எப்படியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். லோரி இரும்புக் கடைக்குப் போனால் அந்த இரண்டாவது முகமும் கூடவே போய்விடும். அதற்கு நான் விடமாட்டேன் என்று அன்றே நினைத்துக்கொண்டேன்.

காலையில் அவர் அண்ணனின் வண்டி ஓட்டினார். சாப்பிட்டுவிட்டு வந்தால் லோரிதான். முதலில் நான் காப்பி கொண்டுபோய் வைப்பதோடு சரி. பிறகு ஒரு நாள், "இந்தா, இதைக் கொஞ்சம் புடி" என்றார். பிடித்தேன். பிடித்த கை பிறகு விடவில்லை.

என் அப்பா துறைமுகத்தில் கிழிந்த சாக்குத் தைக்கிறவர். கல்யாணத்துக்கு முன் நானும் தைத்திருக்கிறேன். அதனால் லோரியின் மேல்துணி கிழிந்து தொங்கியதை நான்தான் பிரித்து, ஒட்டுப் போட்டு, கோணி ஊசியால் இரட்டைத் தையல் போட்டேன். மழை கொட்டினாலும் ஒரு சொட்டு உள்ளே வராது. பிறகு வால்வு வேலை. எஞ்சினுக்குள் திறந்து மூடும் இரும்பு மூடிகள் அவை. கரி பிடித்துச் சரியாக மூடாமல் இருந்தன. மணல் மாதிரி ஒரு பொடியை எண்ணெயில் குழைத்துத் தடவி, மூடியை அதன் குழியிலேயே வைத்து இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பித் தேய்க்க வேண்டும். தயிர் கடைகிற கை போதும். அவர் அவசரப்பட்டு அழுத்தித் தேய்ப்பார். நான் பொறுமையாகத் தேய்ப்பேன். சுற்றிலும் ஒரே சீராகச் சாம்பல் நிறத்தில் வளையம் விழுந்ததும் என் வேலையைத்தான் அவரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "பரவால்லியே" என்றார். பரவாயில்லையாம்! பட்டாளத்திலேயே அப்படித் தேய்த்திருக்க மாட்டார்கள்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று பீற்றிக்கொள்ளவில்லை. தண்ணீர்த் தொட்டி ஒழுகியது. எஞ்சின் சூட்டைத் தணிக்க முன்னால் இருக்கும் தொட்டி. சிப்பாய்கள் ஏதோ தானிய மாவைக் கரைத்து ஊற்றி ஓட்டையை அடைத்ததைப் பார்த்ததாக என் வீட்டுக்காரர் சொன்னார். எங்கள் வீட்டில் இருந்தது கேழ்வரகு மாவு. கரைத்து ஊற்றினோம். எஞ்சின் முதன்முதலாகக் கிளம்பியது அன்றைக்குத்தான். வளவே அதிர்ந்தது, மாடுகள் கொட்டகையில் துள்ளின, நான் கைதட்டிக் குதித்தேன். கொஞ்ச நேரத்தில் தொட்டி கொதித்து மூடியைத் தள்ளிக்கொண்டு கூழாகப் பொங்கியது. என் ஓரகத்தி, மூத்தாரின் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியே வந்து, "யார் வீட்டுல கூழு அடி புடிக்குது?" என்றார். கழுவி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் தெருமுனையில் தகர வேலை செய்யும் சீனர் வந்து ஈயம் வைத்துப் பற்றவைத்து, "சுடா, சுடா" என்று, முடிந்தது என்பதை மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

சக்கரத்துக்கு வழி சொன்னது யார் தெரியுமா? மூத்தார்தான். வெயிலில் அந்த மர ஆரக்கால்கள் சுருங்கிக் கடகடவென்று ஆடின. ஒரு சாயங்காலம் அவர் இருமிவிட்டு வந்து, சக்கரத்தை ஒரு உதை உதைத்துப் பார்த்து, சுவரிடம் சொன்னார்: "ரப்பர் போட்டாலும் மரம் மரந்தான். ஈரச் சாக்கைச் சுத்தி வைக்கணும்." நான் சாக்கைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி வந்தேன். ஆட்டம் நின்றது. அவர் கெட்டவரல்ல. தம்பி கையை விட்டுப் போய்விடுவானோ என்று பயந்தவர், அவ்வளவுதான்.

எஞ்சினின் பக்கத்தில், தாழ்வாக, ஒரு சின்னப் பெட்டி உண்டு. மேக்னெட்டோ. நெருப்புப் பொறி அங்கிருந்துதான் பிளக்குகளுக்குப் போகிறது. "இதுதான் உசுரு" என்பார் என் வீட்டுக்காரர். பெட்டிக்குள்ளே இரண்டு சிறு முனைகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுப் பிரியும். நடுவில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் பொறி வராது, லோரி அசையாது. மூட்டை தூக்கித் தடித்த அவர் விரல் அந்த இடுக்கில் நுழையாது. அதனால் அதைத் துடைக்கும் வேலை எனக்கென்றே ஆகிவிட்டது. பெட்ரோலில் நனைத்த துணி நுனியால் துடைத்து மூடுவேன். எஞ்சினிலேயே என் சொந்த இடம் அது.

நவராத்திரி வந்தபோது லோரி வளவுக்குள் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. மூத்தார் பார்த்துவிட்டு, "கத்துறது வேற, ரோட்டுல போறது வேற" என்றார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம். அவ்வளவு தைரியம் எங்களுக்கு.

ஆயுத பூசையன்று வளவில் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தோம். மூத்தாரின் வண்டிகள், நுகத்தடிகள், சாட்டைகள், மூட்டை தூக்கும் கொக்கிகள். அந்த வரிசையின் கடைசியில் எங்கள் லோரி. ஓரகத்தி சந்தனம் அரைத்துக் கிண்ணத்தில் தந்தார். நான் சுண்டலோடும் பொங்கலோடும் அடுப்படியில் கிடந்தேன். லோரிக்குப் பொட்டு வைத்தது முழுக்க என் வீட்டுக்காரர். ஸ்பேனர் ஒவ்வொன்றுக்கும், சக்கரம் நாலுக்கும், தொட்டிக்கும், ஹேண்டிலுக்கும், பிளக்குகளுக்கும்கூட ஈர்க்குச்சியால் தொட்டுத் தொட்டுச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான் வெளியே வந்தபோது லோரி கல்யாணப் பெண் மாதிரி நின்றது. பூசை வைத்த பிறகு மறுநாள் வரை எதையும் தொடக் கூடாது. தொடவில்லை.

விஜயதசமி காலையில் வளவு நிறைய ஆட்கள். வண்டிக்காரர்கள், அக்கம்பக்கத்தார், அன்று சிரித்த கடைக்காரர்கள், எல்லோரும் வந்திருந்தார்கள். மூத்தார் சொன்ன சொல் தவறாமல் நாலு மாட்டையும் கொம்புக்கு எண்ணெய் பூசி, கழுத்தில் பூப்போட்டு, கயிறோடு வாசலில் நிறுத்தியிருந்தார். இருமினார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

என் வீட்டுக்காரர் சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து, ஹேண்டிலைச் சுழற்றினார். ஒன்றுமில்லை. மறுபடி சுழற்றினார். எஞ்சினிடமிருந்து ஒரு இருமல்கூட இல்லை. முந்தாநாள் முதல் சுற்றிலேயே கிளம்பிய எஞ்சின் அது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுழற்றினார். பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து, ஒரு வண்டிக்காரரைச் சுழற்றச் சொல்லிப் பார்த்தார். பொறியே வரவில்லை. கம்பியை மாற்றினார். துடைத்தார். ஊதினார். ஆட்கள் முதலில் வாய்க்குள் சிரித்தார்கள், பிறகு வெளிப்படையாகச் சிரித்தார்கள்.

"வராதுலா, மாடே சரி" என்றது ஒரு குரல்.

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. கழுத்து நரம்பு புடைத்து, கண் கலங்கி, அவர் நின்ற நிலை எனக்குப் பொறுக்கவில்லை. அழுகை வரவில்லை எனக்கு, கோபம்தான் வந்தது. என் வால்வில் குறையில்லை. என் தையலில் குறையில்லை. முந்தாநாள்வரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால், நடுவில் என்ன நடந்தது? பூசைதான் நடந்தது.

மூத்தார் கையைக் காட்டினார். வண்டிக்காரர்கள் கயிற்றை லோரியின் முன்பக்கம் கட்டத் தொடங்கினார்கள்.

கதவிடுக்கில் கண்ணை வைத்து லோரியைப் பொட்டு பொட்டாகப் பார்த்தேன். தொட்டியில் இருக்கிறது. ஹேண்டிலில் இருக்கிறது. சக்கரத்தில், பிளக்கில், ஆணித் தலையில்கூட இருக்கிறது. மேக்னெட்டோவின் மூடியில் மட்டும் இல்லை. வெறும் பித்தளை வெயிலில் மின்னியது. உசுரு உசுரு என்று சொன்ன மனிதர், ஆணிக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு உசுருக்கு வைக்காமல் விடுவாரா? விடமாட்டார். வெளியே வைக்கவில்லை என்றால் உள்ளேதான் வைத்திருக்கிறார்; சாமி பொட்டு பொறியைத் தடுக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது. சிரிப்பெல்லாம் சட்டென்று நின்றுபோன ஓசை. மூத்தார் இரண்டு தரம் இருமினார். நான் நிற்கவில்லை. நேராக லோரிக்குப் போய்க் குனிந்து மூடியின் கவ்வியைத் தள்ளித் திறந்தேன். உள்ளே, இரண்டு முனைகளும் தொட்டுக்கொள்ளும் சரியான இடத்தில், காய்ந்து இறுகிய சந்தனம். அதன்மேல் அழகாக ஒரு குங்குமப் பொட்டு. சாமி குங்குமம்தான்; ஆனால் பொறிக்கு அது ஒரு சுவர்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார். "அழிக்காத புள்ள! இன்னைக்குப் போயி... சாமி முன்னால வெச்ச பொட்டு."

"ஐயோ, சுமங்கலி கையால பொட்டை அழிக்கறாளே!" என்று ஓரகத்தி தலையில் கை வைத்தார். விஜயதசமியன்று, மூத்தார் முன்னால், ஊரார் முன்னால், கல்யாணமான ஒருத்தி குங்குமத்தை அழிப்பது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். கயிற்றைப் பார்த்தேன்.

"அழிக்கலக்கா, இடம் மாத்துறேன்" என்றேன்.

ஆள்காட்டி விரலால் அந்தக் குங்குமத்தைத் தொட்டு எடுத்து, மூடியின் வெளிப்பக்கம் பித்தளையின் நடுவில் வைத்தேன். விரலில் ஒட்டியிருந்த மீதியை என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். பிறகு முந்தானை நுனியைப் பெட்ரோலில் நனைத்துச் சந்தனத்தைச் சுரண்டிச் சுரண்டித் துடைத்தேன். முனைகள் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. மூடியைப் போட்டுக் கவ்வியை அழுத்தினேன்.

"சுத்துங்க" என்றேன்.

சுற்றினார். முதல் சுற்றிலேயே வளவு அதிர்ந்தது.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு அடங்காது. பூப்போட்ட மாடுகள் நாலும் மிரண்டன. வண்டிக்காரர்கள் பதறிக் கயிற்றை அவிழ்ப்பதற்குள் ஒன்று ஓரகத்தியின் கீரைப் பாத்தியில் இறங்கிவிட்டது. சிரித்த கடைக்காரர்கள் வேலியோரம் ஒண்டினார்கள். என் வீட்டுக்காரர் தாவி ஏறி, ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "ஏறு புள்ள" என்றார். சத்தத்தில் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு லோரி வாசலைத் தாண்டியது.

டத்தோ கிராமாட் ரோடு முழுவதும் போனோம். மாடு இழுத்துவந்த அதே ரோடு. ஆட்கள் கடையை விட்டு இறங்கி வந்து பார்த்தார்கள்; ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை. நகை போட்டுக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தபோதுகூட அப்படியொரு பெருமை எனக்கு இல்லை. கையெல்லாம் எண்ணெய்க் கறை, முந்தானையில் பெட்ரோல் வாடை, நெற்றியில் எஞ்சின் குங்குமம். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்து நின்றபோது மூத்தார் வாசலிலேயே நின்றிருந்தார். பழக்கத்தில் இருமினார். பழக்கத்தில் நானும் ஒளிந்துகொள்ளக் கதவைத் தேடினேன். அந்த லோரிக்குத்தான் கதவே கிடையாதே. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். அவர் சக்கரத்தைக் காலால் ஒரு உதை உதைத்துப் பார்த்தார். ஆடவில்லை. தம்பியைப் பார்த்து, "உன் வழி உனக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டைத் தேடிப் போனார்.

அந்த லோரி வெகுகாலம் எங்களுக்குச் சோறு போட்டது. ஆயர் ஈத்தாம் தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றி விடியலில் பாசார் சந்தைக்குக் கொண்டுவருவோம். மழைக்காலத்தில் மாடு ஏற முடியாத சேற்றில் மூத்தாரின் மூட்டைகளையும் அதில்தான் ஏற்றினோம். வழியில் நின்றுபோனால் அவர் ஹேண்டிலைப் பிடிப்பார், நான் மூடியைத் திறப்பேன்.

ஆனால் எனக்கு மறக்காதது அடுத்த வருஷத்து ஆயுத பூசைதான். வளவில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தோம். நான் லோரியருகே துடைத்துக்கொண்டு நின்றேன். மூத்தார் கையில் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். இருமவில்லை. சுவரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இதுக்கு எங்கம்மா பொட்டு வைக்கணும்?"

மேக்னெட்டோவின் மூடியைக் காட்டினேன். அது தாழ்வான இடம். அவர் குனிந்து வைத்தார்.